நடுவில் நிற்பவளுக்கு எழுத்தில்லை

பவளராணி குடியிருந்த கட்டடத்தில் குடும்பங்களைச் சுருக்கும் வேலை திங்கட்கிழமை தொடங்கியது. நுழைவாயிலில் இருந்த அழைப்பு மணிப் பலகை சிறியது. எல்லோரையும் முழுதாக வைக்க அதில் இடமில்லை. பலகையைப் பெரிதாக்குவதைவிட ஆட்களைச் சிறிதாக்குவது இலகு என்று நகரசபை முடிவெடுத்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருவர் மட்டும், பின்னேரம் பல் வைத்தியரிடம் போகவேண்டும், அதற்கு முன்னர் சுருக்கிவிட்டால் உதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

ஜேர்மன்காரருக்கு இது புதிதில்லை. முதலில் சொற்களை ஒன்றோடொன்று கொளுவி ரயில் மாதிரி நீட்டுவார்கள். பிறகு அந்த நீளம் தாங்காமல் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்தையும் கிள்ளி எடுத்து ஒட்டுவார்கள். குற்றங்களை விசாரிக்கும் பொலிஸ் கிரிப்போ ஆகிவிடும். பிள்ளைகளின் பகல் காப்பகம் கீட்டா ஆகிவிடும். சரக்கேற்றும் பெரிய வண்டி மூன்றே எழுத்தாகி, எல்-கா-வே என்ற பெயரில் நெடுஞ்சாலையில் ஓடித்திரியும். இதையெல்லாம் சொற்களுக்கு மட்டும்தான் செய்வார்கள் என்று பவளராணி இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

கீழ்த்தளத்து பிரிங்மன் தம்பதியையும் அவர்களுடைய நாயையும் செவ்வாய்க்கிழமை சுருக்கினார்கள். மூவரும் ஒருவரானார்கள். முகம் பிரிங்மனுடையது. நடை மனைவியினுடையது. வாசலில் யாராவது வந்தால் படுகிற சந்தோஷம் நாயினுடையது. படிக்கட்டில் கண்டபோது பவளராணி காலை வணக்கம் சொன்னாள். அவர் பாதி வணக்கம் சொன்னார். மீதி வரும் என்று அவள் காத்து நின்றாள். வரவில்லை.

புதன்கிழமை அவர்களுடைய முறை. சுருக்குபவர் காலையில் வருவார், வீட்டில் ஒருவர் நிற்கவேண்டும் என்று வாசற்கதவில் ஒட்டியிருந்தார்கள். புகைபோக்கி பார்ப்பவர் வருவதும், வெப்பக் குழாய் பார்ப்பவர் வருவதும் இப்படித்தான். நிற்கவேண்டிய ஒருவர் எப்போதும் பவளராணிதான்.

"வாற ஆளோட பார்த்துக் கதையும்," என்றான் ஜெகதாசன், சப்பாத்தைக் கொளுவிக்கொண்டே. அவளுடைய கணவன். எல்-கா-வேக்களில் இருந்து பெட்டி இறக்கும் வேலை. "என்ர முன்பக்கத்தில கைவைக்க வேண்டாமெண்டு சொல்லும். அது நல்லாத்தான் இருக்கு."

"பிள்ளையின்ர?"

"அதை அவவிட்டக் கேளும்."

சாருகா அடுத்த அறையில்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. பவளராணி போய்க் கேட்டாள்.

"கா-பே," என்றாள் சாருகா, கைப்பேசியில் இருந்து கண்ணை எடுக்காமல். தெரியாது என்பதை இந்த நாட்டுப் பிள்ளைகள் அப்படிச் சுருக்கியிருந்தார்கள்.

பவளராணி திரும்பிவந்தாள். "பிள்ளைக்கு எப்பிடியெண்டாலும் பரவாயில்லையாம். உங்களைக் கவனமாப் போய்வரச் சொன்னவ."

இரண்டாவது வாக்கியம் அவளே சேர்த்தது. அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தது.

சுருக்குபவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு மடக்கு அளவுகோலும் சின்னக் கத்தரிக்கோலும் இருந்தன. அவரும் சுருக்கப்பட்டவர்தான். அவருக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அதனால் மரியாதை கருதி யாருக்கும் முதுகு காட்டாமல், அறைக்குள் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார். பவளராணி அவரை இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் இறைச்சி றோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் அளவுகோலைக் கதிரைகளுக்கிடையில் விரித்தார்.

"வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?"

"வேலைக்குப் போறார்."

"மகள்?"

"படிக்கிறா."

"நீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யிறேல்லை. சும்மா வீட்டில நிக்கிறன்."

அன்று காலை விடியமுன்னர் எழுந்து, ஒரு காப்புறுதி நிறுவனக் கட்டடத்தின் மாடிகளையெல்லாம் துடைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த மருந்துத் தண்ணீரின் மணம் போகாத கையால்தான் றோல்ஸைப் பொரித்தாள். ஆனால் பிறத்தியார் கேட்டால் அப்படிச் சொல்வதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. ஒருவர் அடக்கமாகச் சொல்லவேண்டும். கேட்டவர் உடனே, சும்மாவோ, உங்கட பாடு எங்களுக்குத் தெரியாதோ என்று மறுத்துச் சொல்லவேண்டும். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவேண்டும். பவளராணி மறுப்புக்காகக் காத்திருந்தாள். சிரிப்பையும் ஆயத்தமாக வைத்திருந்தாள்.

"சரி," என்றார் சுருக்குபவர்.

அவள் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு எப்படி?"

"அவர் சொல்லுறதை நான் பிள்ளைக்குச் சொல்லுவன். பிள்ளை சொல்லுறதை அவருக்குச் சொல்லுவன்."

"அப்படியென்றால் நீங்கள் நடுவில்."

"ஓம். நடுவில நான்தான்." அதை அவள் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

சுருக்குபவரின் முகம் தெளிந்தது. கடினமாக இருக்கும் என்று நினைத்த வேலை இலகுவாக முடிந்துவிட்டதில் அவருக்கு நிம்மதி.

"நல்லது. நடுவில் நிற்பதை நாங்கள் எடுப்பதில்லை. பெரிய சொற்களின் தலையை எடுப்போம். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற சின்னச் சொற்களுக்கு எழுத்துக் கொடுப்பதில்லை. கொடுத்தால் சுருக்கத்துக்கு அர்த்தமில்லை." காற்றில் கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடினார். அது எதையும் தொடவில்லை. "ஜெகதாசனில் ஜெ. சாருகாவில் சா. உங்கள் வீடு இனி ஜெசா."

பவளராணியின் காது அடைத்தது. உள்ளே எங்கோ ஒருத்தி கைப்பிடி இல்லாத படிகளில் விழுந்துகொண்டிருந்தாள். விழுகிற சத்தம் கேட்டது. தரை தட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

வாய் மட்டும் தன் பழக்கத்தில், "இன்னொரு றோல்ஸ் எடுங்கோ," என்றது.

அவர் எடுத்தார். அவர் மென்றுகொண்டிருக்கும்போதே சாப்பாட்டு மேசையின் இரண்டு கதிரைகள் ஒன்றையொன்று நெருங்கின. நடுக் கதிரை இடம் போதாமல் சுவருக்குள் போனது. வாசலில் அவளுடைய குளிர்க்கோட்டு தொங்கிய கொளுக்கி உள்ளே இழுபட்டது. கோட்டு அவள் தோளில் வந்து விழுந்தது. யாரோ வெளிக்கிடச் சொன்னதுபோல இருந்தது.

"அப்ப நான் எங்க போறது?"

"நிலவறைக்கு. அங்கே 'இன்னும் பிற' என்றொரு அறை இருக்கிறது. பட்டியல்களின் முடிவில் வருமே, அது." அவர் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "றோல்ஸ் நன்றாக இருந்தது. அதனால் சொல்கிறேன். அந்த அறைக்குப் பொதுவில் ஒரு புள்ளி உண்டு. கடைசியாக வந்தவரின் கையில் இருக்கும். புள்ளி இல்லாத சுருக்கம் எழுத்தாகவே நின்றுவிடும். எல்-கா-வே என்றால் எல்-கா-வேதான், உள்ளே என்ன வண்டி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் புள்ளி வைத்ததை வாய்விட்டு வாசிக்கும்போது முழுதாக வாசிக்கவேண்டும். அது சட்டம். யாராவது உங்கள் பெயரை முழுதாக வாசித்தால் நீங்கள் மேலே வரலாம்."

"வாசிக்காட்டி?"

"அடுத்தவர் வருவார். புள்ளி அவருக்குப் போய்விடும்."

"அடுத்த ஆள் எப்ப?"

"இன்று பின்னேரம். நான்காம் மாடி."

நிலவறைக்குப் போகும் படிகள் அவள் இறங்க இறங்கக் கூடின. ஒரு கட்டத்தில் எதிரே ஏறிவந்த தபால்காரர், இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். பனிக்காலத்து டயர்களின்மேல் சிலர், பழைய ஜாம் போத்தல் பெட்டிகளின்மேல் சிலர். முன்வாசல் பக்கம் குடியிருந்த சுகிர்தமலர் அக்காவைப் பார்த்ததும் பவளராணி திடுக்கிட்டுப்போனாள்.

"அக்கா, நீங்கள் கனடாவில கலியாண வீட்டுக்குப் போட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"கனடாவோ? ஆர் சொன்னது?"

"அண்ணைதான்."

"அவருக்கு என்னைக் காணேல்லை. ஆரும் கேட்டா என்ன சொல்லுறது? கனடா எண்டு வாயில வந்திருக்கும்." சுகிர்தமலர் நகர்ந்து இடம் விட்டாள். "இரும். நீர் என்ன சொன்னனீர், சும்மா நிக்கிறன் எண்டோ?"

"ஓம் அக்கா."

"நானும் அதைத்தான் சொன்னனான். இஞ்ச முழுப்பேரும் அதைத்தான் சொன்னவை. உந்தா, அந்தச் சீனத்து மனுசியும்."

புள்ளி கைமாறி வந்தது. சட்டைப் பொத்தான் அளவு. கறுப்பு. உள்ளங்கையில் வைத்தால் பிறந்த பூனைக்குட்டியின் மூக்குப்போலக் குளிர்ந்தது. பவளராணி விரல்களை மூடிக்கொண்டாள்.

அறையின் மூலையில் வெப்பக் குழாய் ஓடியது. அதில் காதை வைத்தால் அவரவர் வீடு கேட்டது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களும் வைத்திருந்தார்கள்.

மத்தியானம் அவளுடைய கைப்பேசி துடித்தது. சாருகாவின் செய்தி. ஹா-டே-எல். உன்மேல் பிரியம் என்பதன் மூன்று எழுத்து. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை தினமும் அனுப்புவது. பவளராணியும் தினமும் அதைப் பார்த்துவிட்டு ஒரு இதயப் படம் அனுப்புவாள். இன்று அது தன்னை மேலே தூக்கும் என்று எழும்பினாள். கால் தரையை விட்டு எழும்பவில்லை.

"காட்டும் பாப்பம்," என்றாள் சுகிர்தமலர். "புள்ளி போட்டிருக்கோ?"

"இல்லை."

"அப்ப எழுத்துத்தான்."

இவ்வளவு நாளும் வந்தது எழுத்து மட்டும்தானா என்று பவளராணி யோசித்தாள். இல்லை, உள்ளே பிரியம் இருந்தது, அவள்தான் ஒவ்வொரு நாளும் தானே அதை விரித்து, தானே தனக்கு வாசித்துக்கொண்டாள். விரிக்கிற வேலையும் அவளுடையதாகத்தான் இருந்தது.

பிறகு குழாயில் ஜெகதாசனின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சாருகாவும் வந்தாள். இரண்டு பேரும் மேசையில் இருந்தார்கள்.

"சாப்பாடு?" என்றான் ஜெகதாசன். அது யாருக்கும் சொன்னதில்லை.

சாருகா கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சொல் போகவேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் காற்று அடித்தது. ஜெகதாசன் எழுந்து யன்னலைச் சாத்தப் போனான். யன்னல் சாத்தியே இருந்தது. அவன் அதைத் திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தான். பிறகு குசினிக்குள் போனான். அலுமாரிகளைத் திறந்தான். குளியலறைக் கதவைத் தட்டினான். அவன் தேடுவது தன்னையா, தேத்தண்ணிப் போத்தலையா என்று பவளராணிக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மாடிப்படிக்கு வந்து கீழே பார்த்துக் கூப்பிட்டான்.

"இஞ்சேரும்!"

பவளராணி துள்ளி எழும்பினாள். சுகிர்தமலரும் எழும்பினாள். வேறு மூன்று தமிழ்ப் பெண்களும் எழும்பினார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உம்மட அவரோ?"

"என்ர அவர்தான்."

"எங்கட அவரின்ர குரல் மாதிரியும் கிடக்கு," என்றாள் ஒருத்தி, சந்தேகத்தோடு.

இஞ்சேரும் என்ற அழைப்பு பவளராணியைப் படியில் கொஞ்சம் ஏற்றியது. பிறகு யாரை ஏற்றுகிறோம் என்று தெரியாமல் கைவிட்டது. அவள் சறுக்கிக்கொண்டு திரும்ப வந்தாள்.

"அவர் உம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாரோ?"

"ஒருநாளும் இல்லை."

"கோவம் வந்தாலுமோ?"

"அப்பவும் இஞ்சேரும்தான். கொஞ்சம் சத்தமா."

"கலியாணத்தண்டு?"

"அண்டைக்கு ஐயர் சொன்னவர்."

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர்கள் எல்லோருடைய பெயரையும் ஒரு ஐயரோ, ஒரு பாதிரியோ, ஒரு பதிவாளரோ ஒருமுறை சொல்லியிருந்தார்.

பவளராணிக்கு அதிர்ச்சி இப்போதுதான் முழுதாக வந்தது. காலையில் வந்தது அதன் முன்பக்கம் மட்டும். இத்தனை வருசமாக இஞ்சேரும் என்றதும் ஒருத்தி ஓடிப்போய் நின்றாளே, அவள் யார்? தன் பெயர் அதுதான் என்று எந்தக் காலையில் நம்பத் தொடங்கினாள்? பவளராணி என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாக்குப் புரளவில்லை. தன்னைத் தானே வாசிப்பது சட்டத்தில் சேராது என்று பக்கத்தில் இருந்தவள் நினைவூட்டினாள்.

மேலே சாருகாவின் குரல் கேட்டது. உண்மையான குரல். பிள்ளை மாடிப்படிக்கு வந்திருந்தாள்.

"அம்மா!"

அறையில் இருந்த அத்தனை பேரும் எழும்பினார்கள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. அகப்பையோடும், சீப்போடும், சவர்க்கார நுரையோடும் பெண்கள் வெளியே வந்தார்கள். படிக்கட்டில் நெரிசல். அம்மா என்ற சொல் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் தூக்கியது. ஒருத்தியையும் முழுதாகத் தூக்கவில்லை. நெரிசலில் பவளராணி படிக்கட்டின் பாதிவரை வந்து சிக்கிக்கொண்டாள். தோள்களுக்கு இடையில் மகளின் முகம் தெரிந்தது. மகளுக்கு அவளைத் தெரியவில்லை.

"என்ர அம்மா," என்று சாருகா திருத்தினாள். யாரும் திரும்பிப் போகவில்லை. அவர்களும் ஒவ்வொருவருடைய என்ர அம்மாதான்.

அப்போது மேல்மாடியில் இருந்து சுருக்குபவர் பக்கவாட்டில் இறங்கி வந்தார். பின்னால் நான்காம் மாடிப் பெண். பவளராணி அவளை லிப்டில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். கையில் மா ஒட்டியிருந்தது. தோளில் குளிர்க்கோட்டு விழுந்திருந்தது. பவளராணியின் கையில் இருந்த புள்ளி ஊர்ந்து விரல்நுனிக்கு வந்தது. அவள் நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள்.

சுருக்குபவர் சாருகாவின் முன்னால் நின்றார். வழியை மறிக்கிறாளே என்ற எரிச்சல் அவருக்கு. அரச அலுவலரின் கந்தோர்க் குரலில் கேட்டார்.

"பெயர்? யாருக்காக வந்திருக்கிறீர்கள்?"

அந்தக் குரலைக் கேட்டதும் சாருகா நிமிர்ந்தாள்.

முன்பல் விழுந்து முளைக்காத வயதிலிருந்து அவள்தான் தாயின் ஜேர்மன் வாய். வைத்தியரிடம், வேலைக் கந்தோரில், விசாக் கந்தோரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அப்படி ஒரு குரல் கேட்கும். கண்ணாடியின் விளிம்பு எட்டாது. நுனிக்காலில் எழும்பி நின்று, தாயின் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லுவாள். வெளியே வந்தபிறகு அந்தப் பெயரை எடுக்கவே மாட்டாள். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை எங்கே இருக்கிறது? ஆனால் உலகத்தில் அந்தப் பெயரை அதிகம் தரம் வாய்விட்டுச் சொன்னவள் சாருகாதான். பவளராணிக்கு அது இந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

சாருகா நுனிக்காலில் எழும்பினாள். இப்போது அவள் வளர்ந்த பிள்ளை. அதற்குத் தேவையே இருக்கவில்லை.

"அருளம்பலம்," என்றாள். "பவளராணி."

சுருக்குபவர் சுவரோடு ஒட்டி வழி விட்டார். சட்டம் சட்டம்தான். பவளராணி புள்ளியை நான்காம் மாடிப் பெண்ணின் மா ஒட்டிய கையில் வைத்து மூடினாள்.

"கவனமா வைச்சிரும். உம்மட பேர் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"யோசிக்கவேணும்," என்றாள் அந்தப் பெண்.

முதலில் ஏறியது பவளராணி இல்லை. கந்தோரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ஆகவே முதலில் ஏறியவர் அருளம்பலம், பவளராணியின் தகப்பன். சாருகா பிறக்க முன்னரே செத்துப்போனவர். சாரத்தோடு, வெறுங்காலோடு, அவசரமில்லாமல் ஏறினார். ஜெசா என்று எழுதியிருந்த கதவின் முன்னால் நின்று மிதியடியில் காலைத் துடைத்தார்.

"இது ஆற்ற வீடு, பிள்ளை?"

"எங்கட," என்றாள் சாருகா. அவளுடைய முகம் வெளிறியிருந்தது. "நீங்கள் ஆர்?"

"பேரில முதல் வாறவன்."

சாருகா கதவை அகலத் திறந்தாள். அவர் உள்ளே போய், இரண்டு கதிரைகளையும் விலக்கி, நடுவில் நிலத்தில் இருந்துகொண்டார்.

பின்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி ஏறினாள். அவளுக்குப் பின்னால் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த ஒருத்தி. தம்பியைத் தோளில் சுமந்து இரண்டு நாள் நடந்தவள். யாருக்கும் காட்டாமல் ஒருவனுக்குக் கடிதம் எழுதிக் கிழித்தவள். ஜேர்மனிக்கு வருகிற வழியில் மொஸ்கோவில் பூட்டிய அறையொன்றில் பனி உருகும்வரை இருந்தவள். கூறைச் சேலையோடு ஒருத்தி. அவளைக் கண்டதும் ஜெகதாசன் மேசையில் இருந்து எழும்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டான். மற்றவர்களை அவனுக்குத் தெரியவில்லை. துடைப்பத்தோடு ஒருத்தி வந்தாள், பின்னால் இன்னும் பலர் அதே துடைப்பத்தோடு வந்தார்கள். இடையில் ஒருத்தி, பெரிய வாயால் சிரித்துக்கொண்டு, எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஏறினாள். அவளைப் பவளராணிக்கே முன்பின் தெரியாது.

இன்றைய பவளராணி இன்னும் கீழ்ப்படியில்தான் நின்றாள். அவளுக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து போனது. இவ்வளவு பேரா என்று அவள் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஜெகதாசனின் குரல் கேட்டது.

"இவையெல்லாம் ஆர்?"

"அம்மா."

"முழுப்பேருமோ?"

"ஓம்."



"கதவைச் சாத்து பிள்ளை. குளிர் வருது."

"பொறுங்கோ அப்பா," என்றாள் சாருகா. "அம்மா இன்னும் வந்து முடியேல்லை."